முப்பத்தாறு

முக்கூடல் பக்கம் எங்கள் பால் சங்கத்தை
காலை ஐந்தே முக்காலுக்குத் திறப்பேன்.
ஐந்து ஐம்பதுக்கு ஆவுடைத்தங்கம்.
எதிர் வீடு. கறந்த வாளியை
நுரை அடங்குமுன் மேசையில் வைத்துவிடுவாள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிராம்.
ஒரு லிட்டர் பால் ஆயிரத்து இருபத்தெட்டு,
மாட்டைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்னே பின்னே.
அந்த இருபத்துச் சொச்சம் கிராமுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.
பால்மானியின் கழுத்தில்
அந்த மிச்சத்துக்கு மட்டும் கோடு போட்டிருக்கும்.
இருபத்தாறுக்குக் கீழே போனால்
லிட்டருக்கு மூன்று ரூபாய் வெட்டு.

புரட்டாசியில் வெப்பமானி உடைந்தது.
பாதரசம் கேனுக்கடியில் சிதறி ஓடியது.
அட்டையால் கூட்டி ஒரு மூடியில் சேர்த்தேன்,
சுண்டைக்காய் அளவுகூட இல்லை,
மூடி கனத்தது.

புதிதுக்குத் திருநெல்வேலிக்கு எழுதிப்போட்டோம்.
"வரும்" என்றார் செயலாளர் கோமதிநாயகம்.
வரும்வரை எல்லாப் பாலும்
இருபத்தேழு டிகிரி.
கேள்வித்தாளில் 'எனக் கொள்க' என்று போடுவார்களே,
அப்படி.

ஆவுடைத்தங்கத்தின் பாலில் இருபத்தைந்து.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
"தண்ணி ஊத்துதியளோ அக்கா?"
"ஏட்டி, எங்க குழாயில வந்தாத்தான ஊத்த?"
வரிசையில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.
சிவப்பு மையில் எழுதினேன்.
அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை,
வாளியை மட்டும் நீட்டினாள்.

மார்கழியில் வந்து சேர்ந்தது வெப்பமானி,
பழைய செய்தித்தாள் சுற்றி.
பாப்பாக்குடி ரோட்டில் சைக்கிளில் குலுங்கி வந்த கேனில்
விட்டுப் பார்த்தேன்: இருபத்தெட்டு.
எதிர் வீட்டு வாளியில் விட்டேன்:
முப்பத்தாறு.
மாட்டின் உடம்புச் சூட்டில்
தெருவைக் கடந்ததற்கு மட்டும் கழிவு.

சூடானால் விரியும்.
விரிந்தால் ஒரு லிட்டருக்குள் எடை குறையும்.
பாளையங்கோட்டையில் நான் எழுதித் தேறிய பாடம் இது,
பத்து மதிப்பெண் கேள்வி.
டிகிரிக்குப் புள்ளி இரண்டு;
ஒன்பது டிகிரிக்கு ஒன்று புள்ளி எட்டு;
இருபத்தைந்தோடு கூட்டினால்
இருபத்தாறு புள்ளி எட்டு.
தூரத்துப் பால் வழியெல்லாம் ஆறி
யோக்கியமாய் வந்து நின்றது.
பக்கத்துப் பால் பக்கத்தில் இருந்ததால் மாட்டிக்கொண்டது.

நான்கு லிட்டர், மூன்று ரூபாய், தொண்ணூற்றொரு காலை.
ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு.
இருமுறை பெருக்கினேன்.

"எந்தத் தலைப்புல எழுதச் சொல்லுத?"
என்றார் கோமதிநாயகம், பேனாவை மூடிக்கொண்டே.
என் சம்பளக் கவரிலிருந்து எடுத்துக்கொண்டு
தெருவைக் கடந்தேன். பதினான்கு எட்டு.

ஆவுடைத்தங்கம் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
முப்பத்தாறு ரூபாயைத் தனியே எடுத்து
என் கையில் வைத்தாள்.
"கார்த்திகையில மூணு நாளு
நெசமாவே ஊத்துனேன். ஒரு டம்ளரு.
ஊத்தாமலே வெட்டுதா,
ஊத்துனதுக்காவது வெட்டட்டும்னு.
அத நீ கழிச்சிக்கிடணும்."

சங்கத்துக்குத் திரும்பி நோட்டைப் புரட்டினேன்.
ஒரு டம்ளர் இருநூறு மில்லி.
நான்கு லிட்டரில் ஐந்து சதவீதம்.
பால்மானி ஒரு கோட்டுக்கு மேலேயே
இறங்கியிருக்க வேண்டும்.
கார்த்திகை முழுக்க
என் கையெழுத்தில், சிவப்பு மையில்,
இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து.
எந்த நாளிலிருந்து நான் முக்கிப் பார்க்காமலே
எழுத ஆரம்பித்தேன் என்பது
நோட்டில் இல்லை.

அந்த முப்பத்தாறு ரூபாய்
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
அதற்கும் தலைப்பு இல்லை.

இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு
அதே வாளி, அதே நுரை.
பால்மானியை விட்டேன்.
மூழ்கி எழுந்தது, திரும்ப மூழ்கியது,
நிற்கிற மாதிரி நின்று மறுபடி ஆடியது.
"என்னம்மா, எம்புட்டு நேரம்?" என்றது வரிசை.
நான் கையை எடுத்துவிட்டு
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.